மயில்கழுத்துச் சுவர்

"வருசம் திரும்பலடி இன்னும்! என் தம்பி போயி..."

"எட்டு மாசம் ஆச்சு அண்ணி, எனக்குத் தெரியாதா..."

"தெரிஞ்சுமா பூசுன? எழவு வீட்டுக்கு எவளாவது சாயம் பூசுவாளா? ரோட்டுல போறவன் கல்யாண வீடான்னு கேக்குறான்!"

"ஆமான்னு சொல்லுங்க. செவுத்துக்குத்தான் கல்யாணம்."

அண்ணிக்கு மூச்சு வாங்கியது. என் வீட்டுக்காரரின் அக்கா நல்லம்மாள். மகன் சுகுமாரனின் காரில் சபாக் டவுனிலிருந்து வந்து இறங்கி, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்த சண்டை. சுகு காரின் பின்கதவைத் திறந்து ஒரு டின்னைத் தூக்கி வெளியே வைத்தான். வெள்ளை பெயிண்ட். மேலே புது பிரஷ். திட்டிவிட்டுப் போக வரவில்லை, என் சுவரை மூடிவிட்டுப் போக வந்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

துக்க வீட்டில் ஒரு வருசத்துக்குத் தீபாவளி இல்லை, புதுத்துணி இல்லை, சுவருக்குச் சாயம் இல்லை. தலைத்திவசம் கழிய வேண்டும். தீபாவளியை விட்டேன். புதுத்துணியை விட்டேன். ரோட்டைப் பார்த்த முன்பக்கச் சுவரைத்தான் விட முடியவில்லை. முப்பது வருசமாக அது சாம்பல் நிறத்தில் இருந்தது. எஸ்டேட்டின் செம்பனை எண்ணெய் மில்லில் குழாய்களுக்கு அடித்து மிஞ்சியதை அவர் கொண்டுவந்து பூசுவார். "நல்ல பெயிண்ட்டு, துருவே புடிக்காது" என்பார். சுவருக்கு ஏது துரு? வேறு நிறம் கேட்டால், "அப்புறம் பாப்போம். செவுத்தையா திங்கப் போற?" நல்ல மனிதர்தான். குடி இல்லை, கை நீட்டியது இல்லை. ஆனால் அழகு என்பது அவருக்கு வேலையில்லாதவர்களுக்கு வரும் வியாதி.

அவர் போன பிறகு மத்தியானங்களில் போனில் படம் பார்க்கக் கற்றுக்கொண்டேன். ஒரு படத்தில் ஒரு பெண் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து அழுகிறாள். ஏன் அழுதாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நான் பார்த்தது அவளுக்குப் பின்னால் இருந்த சுவரை. நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. மயில்கழுத்து. பக்கத்தில் ஒரு செம்பு, செம்பில் நாலு இலை. அந்த நாற்காலி என்னிடம் இருந்தது. செம்பும் இருந்தது. இலைக்கா பஞ்சம்? இல்லாதது அந்த நிறம் ஒன்றுதான். படத்தை அங்கேயே நிறுத்தி, போனோடு பஸ் ஏறிக் கோலசிலாங்கூர் பெயிண்ட் கடையில் இறங்கினேன். கடை முதலாளியான சீனத் தவுக்கே போனை வாங்கிப் பார்த்துவிட்டு, அரைகுறைத் தமிழில், "ஆன்ட்டி, இந்த பொண்ணு அழுவுது லா" என்றார்.

"அழட்டும். பின்னால பாரு."

நானே அடித்தேன். கருமாதி முடிந்ததும் அண்ணி எடுத்துக் கொடுத்த வெளிறிய சேலையைத்தான் அந்த வேலைக்குக் கட்டிக்கொண்டேன். அதற்கு வேறு நல்ல உபயோகம் எனக்குத் தோன்றவில்லை. முதல் பூச்சைப் பார்த்த யாரோ அண்ணிக்குப் போன் போட்டிருக்க வேண்டும். இன்று காலைதான் இரண்டாவது பூச்சு முடிந்தது. சேலையைக்கூட இன்னும் மாற்றவில்லை.

"அத்தே," என்றான் சுகு, டின்னைத் திறந்துகொண்டே. "திவசம் வரைக்கும்தானே லா. அப்புறம் நீங்க என்ன கலர் வேணாலும் அடிங்க."

"முப்பது வருசமா எனக்கு அப்புறம்தான் சுகு."

அண்ணி குரலைத் தாழ்த்தினாள். சத்தம் போட்டபோது வராத பயம் எனக்கு அப்போது வந்தது.

"இங்க பாரு லீலா. இந்தச் செவுத்துல வெள்ள ஏறலன்னா, என் மவன் திவசத்துக்கு வரமாட்டான். நீயே பாத்துக்க."

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவருக்குக் கொள்ளி வைத்தவன் சுகு. எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டியவனும் அவன்தான். துருப் பிடிக்காது என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் அந்த முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

"அப்ப நானே எறைக்கிறேன்."

"பொம்பளையா?"

"அவருக்கு இத்தன வருசம் சோறு போட்டதும் பொம்பளதான்."

"சுகு, அவகிட்ட என்னடா பேச்சு? நீ பூசு!"

சுகு பிரஷை முக்கினான். ஆனால் நிமிர்ந்தவன் சுவரைப் பார்த்தான், வேண்டியதற்கும் கொஞ்சம் அதிக நேரம். அதற்குள் நான் போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்துக் கைகளை விரித்துவிட்டேன். ஈரம் ரவிக்கையைத் தாண்டிச் சில்லென்று இறங்கியது. அவன் கையிலிருந்த பிரஷிலிருந்து வெள்ளை சொட்டு சொட்டாகச் சிமெண்டுத் தரையில் விழுந்தது.

"தள்ளுடி!"

தள்ளவில்லை. நின்ற இடத்திலேயே திரும்பினேன். மூக்கு நுனியில் மயில்கழுத்து. அதைத் தவிர உலகத்தில் வேறொன்றும் இல்லை. எனக்குப் பின்னால் அவர்கள் இருவரும் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"அண்ணி, நீங்க குடுத்த சேலையிலயும் இந்த நெறம் ஏறிருச்சு பாருங்க. மொதல்ல இதுக்கு வெள்ள பூசச் சொல்லுங்க."