வைப்பர் ஆடிய அறை

தாணுலிங்கம் ஆலோசனைக்கு வரும்போதெல்லாம் அவர் ஓட்டிய பேருந்தும் கூடவே வரும். மழைக்காலத்தில் மற்றவர்கள் குடையோடு வருவதில்லையா, அப்படித்தான். ஆனால் குடையைப் போல அதை வாசலில் வைத்துவிட்டு வர முடியாது.

மனநல ஆலோசகர் பியூலா முதலில் அதன் முன்பக்கத்துக்கு மட்டும்தான் இடம் ஒதுக்கியிருந்தாள். அவர் பேசப் பேச அது உள்ளே வந்தது. விபத்தை விலாவாரியாகச் சொன்ன அன்று பின்சக்கரமும் வந்துவிட்டது. பியூலாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மனதில் கிடந்ததெல்லாம் வெளியே வருகிறதே! ஒரு சுவரை இடித்து இடம் பண்ணிக் கொடுத்தாள்.

பேச வைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனாலும் தாணுலிங்கத்தின் கைகள் இறங்கவில்லை. விபத்து நடந்ததிலிருந்து அவை இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அந்தரத்தில் நின்றன. மனைவிதான் சோறு ஊட்டினாள். சட்டை மாட்ட வசதியாக, தையல்காரர் தோளில் பட்டன் வைத்துக் கொடுத்திருந்தார்.

பேருந்தின் படிக்கட்டில் கண்டக்டர் செல்லையா தொங்கிக்கொண்டிருந்தார். விபத்தில் செத்துப்போனவர் அவர். யாரோடும் பேசமாட்டார். அவர் சட்டையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டும். தரை துடைப்பவள் அவரைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போவாள்.

“ஒத்த விசில் அடிச்சான், மேடம். நிறுத்தச் சொல்லி. மழைச் சத்தத்துல எனக்குக் கேக்கல. வளைவுல திருப்பிட்டேன். விழுந்துட்டான்.”

“உங்க மேல தப்பு இல்ல, அண்ணாச்சி. இன்னும் கொஞ்சம் விவரமாச் சொல்லுங்க.”

பேருந்து இன்னும் ஓரடி முன்னே வந்தது. பியூலாவின் நாற்காலி பின்சுவரில் முட்டியது.

எதிர் அறையில் ரோஸ்மேரி இருந்தாள். அவளும் ஆலோசகர்தான். அவள் விரலை இடமும் வலமுமாக அசைப்பாள். வந்தவர்கள் அதைக் கண்ணால் பின்தொடர்வார்கள். அவ்வளவுதான் வைத்தியம். இடுப்பளவு வெள்ளத்தோடு உள்ளே போன ஒரு பெண், சேலைத் தலைப்பை மட்டும் பிழிந்துகொண்டு வெளியே வந்ததைப் பியூலா தன் கண்ணாலேயே பார்த்தாள். பார்த்தும் நம்பவில்லை.

“கைப்பிள்ளைக்கு வேடிக்கை காட்டுத மாதிரி என்னட்டி இது?”

“நீயும் ஒரு தடவ ஆட்டித்தான் பாரேன்.”

“விரல் ஆட்டவா நான் இவ்வளவு படிச்சேன்?”

மறுவாரம் பேருந்தின் மேல் மட்டும் மழை பெய்தது. அறையின் மற்ற இடங்களில் நல்ல வெயில். கதை வளைவுக்கு வந்ததும் தாணுலிங்கத்தின் குரல் நின்றுபோனது. பம்பர் பியூலாவின் முழங்காலைத் தொட்டது. அப்போது வைப்பர் தானாக ஓடத் தொடங்கியது.

அவர் கண்கள் அதோடு போயின. இடம், வலம், இடம், வலம். யாரும் பேசவில்லை. பேருந்து பின்வாங்கியது.

வைப்பர் சிக்கி நின்றது. பேருந்தும் நின்றது.

இத்தனை நாளும் பேச வைத்துப் பேச வைத்து அதை உள்ளே இழுத்ததே தான்தான் என்பது பியூலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட வியப்பாக இருந்தது. இரண்டு விரல்களை உயர்த்தினாள்.

“இதப் பாருங்க அண்ணாச்சி. தலை அசைய வேண்டாம், கண்ணு மட்டும்.”

சற்று அசைத்து நிறுத்தினாள். “இப்ப என்ன வருது?”

“மழை.”

“அதோடயே போங்க.”

மறுபடி அசைத்தாள். பேருந்து இடிந்த சுவரைத் தாண்டியது. வராந்தா அதற்காக நீண்டுகொடுத்தது. “இப்ப?”

“விசில் சத்தம் கேக்கு, மேடம்.” அவர் முகமெல்லாம் கண்ணீர். “என்னா மழை! யாருக்குமே கேட்டிருக்காது.”

இதையே பியூலா எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். ஏறவே இல்லை. இப்போது அவர் வாயிலிருந்தே வந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. விரலை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

செல்லையாவின் சட்டை காய்ந்துவிட்டது. முதல் தடவையாக அவர் தாணுலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தார். விசிலை வாயில் வைத்து ஊதினார்.

ஒரு விசில். தாணுலிங்கத்தின் கைகள் விறைத்தன.

பிறகு இன்னொன்று. இரண்டு விசில் அடித்தால் புறப்படலாம் என்று அர்த்தம்.

“போலாம், ரைட்,” என்றார் செல்லையா.

டிரைவர் இல்லாமலே பேருந்து கிளம்பியது. வராந்தாக் கோடி வளைவில் நிதானமாகத் திரும்பிப் போயிற்று.

தாணுலிங்கத்தின் கைகள் மடியில் இறங்கின. வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரரைப் பார்ப்பது போல அவர் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டீ இருக்கா, மேடம்?”

ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். அவரே வாங்கினார். வாயருகே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

“என்னாச்சு, அண்ணாச்சி?”

“சூடா இருக்கு. வீட்டுல அவ ஆத்தித்தான் குடுப்பா. இன்னொரு டம்ளர் குடுங்க.”

கொடுத்தாள். கையை உயர்த்தியும் தாழ்த்தியும், ஒரு சொட்டுச் சிந்தாமல், அவர் ஆற்றத் தொடங்கினார். பியூலாவின் கண்கள் அந்த டீயோடு ஏறி இறங்கின.