வெயில் கரை

எங்கள் மெரான் ஊரில் பாஸர் ஆற்றங்கரையில் நடக்க இரண்டு பாதைகள். இந்தக் கரையில் குளிர்காலப் பாதை. ஜனவரியிலும் முதுகில் வெயில் விழும். அந்தக் கரையில் கோடைப் பாதை. அடர்ந்த மரங்கள், ஆகஸ்டிலேயே சில்லென்று இருக்கும். நெஞ்சுச் சளிக்கு வைத்தியம் பார்க்க வரும் வெளியூர்க்காரர்களுக்குக்கூட வந்த மறுநாளே இது புரிந்துவிடும். பனிக்காலத்தில் புத்தியுள்ள எவனும் கோடைப் பாதையில் நடக்கமாட்டான். என் கொழுந்தன் அல்பின் நடந்தான். இருபத்தைந்து வருஷமாக நடந்தான்.

எல்லாம் உலகச் சண்டை மூண்ட முப்பத்தொன்பதில் வந்த வினை. ஜெர்மனிக்குப் போகிறாயா, இத்தாலிக்காரனாக இங்கேயே கிடக்கிறாயா என்று, இத்தாலியில் இருந்துகொண்டு ஜெர்மன் பேசும் எங்களைச் சர்க்கார் கேட்டது. அல்பின் போகிறேன் என்றான். அவன் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர் ஹார்ட்மன், போகமாட்டேன் என்றார். போகாதவர்களுக்கெல்லாம் துரோகி என்று பெயர். ஒரு நாள் காலையில் பார்த்தால் எங்கள் வாசற்கதவு முழுக்கச் சாணி. என் மாமியார்தான் அழுதுகொண்டே கழுவினாள். அல்பின் பூசினானா, அவன் கூட்டாளிகள் பூசினார்களா, சத்தியமாக யாருக்கும் தெரியாது. இவருக்கு மட்டும் தெரிந்த மாதிரி நினைப்பு.

ஜெர்மன் பட்டாளத்தோடு போய், ரஷ்யப் பனியில் இடதுகால் விரல்களைப் பறிகொடுத்துவிட்டு, சண்டை முடிந்து சில வருஷம் கழித்து அல்பின் திரும்பி வந்தான். அதற்குள் அவர்கள் அம்மா கல்லறைக்குப் போயிருந்தாள். அந்தக் கல்லறையில் வைத்து இவர் தம்பியிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "நீயாத்தானே ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தே? அந்தப் பக்கமே கிட."

இவர் சொன்னது அரசியல். அந்தக் கிறுக்கன் ஆற்றைச் சொன்னதாக எடுத்துக்கொண்டான். ஆற்றுக்கு அந்தப்பக்கம் வீடு பிடித்தான். தினமும் சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் இவர் வெயிலில் நடப்பார், அவன் நிழலில் நொண்டிக்கொண்டே நடப்பான். அவன் பின்தங்கினால் இவருக்குச் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டும் வேலை வந்துவிடும். மேலே கல்பாலம் வரைக்கும் போய், அதில் கால் வைக்காமல், ஆளுக்கொரு கரையில் திரும்பிவிடுவார்கள். ஒரு தொப்பி தூக்கல் உண்டா? ஒரு தலையசைப்பு உண்டா? நடுவில் ஆறு மட்டும் வாய் ஓயாமல் கத்திக்கொண்டு ஓடும்.

இந்தப் பனிக்காலத்தில் இவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் என்றால் மூக்குக்கு மேல் கோபம் வரும். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடை. எதிர்க்கரையில் ஒரு கறுப்பு நிழல் அசைவது மட்டும் இவருக்குத் தெரியும். போன வாரம் ஒரு நாள், இசை மண்டபம் தாண்டியதும் நின்றுவிட்டார்.

"பூர்கி, அங்க யாரு போறது?"

"யாரு போவாங்க? உங்க அருமைத் தம்பிதான். அதே கோட்டு, அதே தொப்பி."

"நல்லாப் பாரு. நொண்டலையே."

நான் பார்த்தேன். இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிற நான் கோட்டைத்தான் பார்த்திருக்கிறேன். பாதிக் குருடரான இவர் நடையைப் பார்த்திருக்கிறார். அந்தக் கோட்டுக்காரன் இரண்டு காலையும் சமமாக வைத்துத்தான் போனான்.

"போய்ப் பாத்துட்டு வா" என்றார்.

"நீங்களே போங்களேன். பாலம் என்ன கடிக்குமா?"

"போடீன்னா போயேன்!"

இவரை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுக் கல்பாலம் ஏறி அந்தக் கரைக்குப் போனேன். வெயிலிலிருந்து அந்த நிழலுக்குள் இறங்கியதும் காது மடல் வலித்தது. கோட்டின் விளிம்பு தரையைப் பெருக்கிக்கொண்டு வந்தது. தொப்பி காது வரைக்கும் இறங்கியிருந்தது. உள்ளே இருந்தது அல்பின் இல்லை. அவன் பெண்டாட்டி, என் ஓரகத்தி தெக்லா.

"அடிப் பாவி, இது என்ன வேஷம்?"

"கத்தாதீங்கக்கா, அத்தானுக்குக் கேட்டுடும்" என்றாள் தெக்லா. "அவரு கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே படுத்துட்டாரு. நெஞ்சு முழுக்கத் தண்ணின்னு டாக்டர் சொல்றாரு. இனிமே எழுந்திருக்கமாட்டாராம்."

"அதுக்கு நீ எதுக்குடி கோட்டை மாட்டிக்கிட்டு அலையுறே?"

"அவருதான் போகச் சொல்றாரு. 'என்னைக் காணலைன்னா அண்ணனும் நடக்க வரமாட்டான். இந்த வயசுல உக்காந்துட்டான்னா அப்புறம் எழுந்திருக்கமாட்டான். நீ போய் நட'ன்னு ஒரே பிடிவாதம். வீட்டுக்குப் போனதும் முதல் கேள்வியே, 'அண்ணன் வந்தானா? கல்பாலம் வரைக்கும் நடந்தானா?'"

வாயாடி என்று ஊரே சொல்லும் நான் தெக்லாவின் தொப்பியை மட்டும் சரிசெய்துவிட்டுத் திரும்பி வந்து, ஒரு வார்த்தை விடாமல் இவரிடம் சொன்னேன். இவர் கைத்தடியையே தடவிக்கொண்டு இருந்தார். கண்ணிலிருந்து வழிந்தது புரையால் வந்த நீர் என்றார்.

"எழுந்திருங்க. இப்பவே போலாம்" என்றேன்.

"இப்படியேவா? தாடி முள்ளு முள்ளா இருக்கு. காலர் வேற அழுக்கு."

"நீங்க என்ன மாப்பிள்ளையா?"

"வெறுங்கையோட போகச் சொல்றியா? இத்தனை வருஷம் கழிச்சு? நாளைக்குக் காலையில போறேன்னா போறேன். விடு."

இழுத்துப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். கல்லுளிமங்கன் அசையவில்லை. வேறு வழியில்லாமல் திரும்பவும் பாலத்தைத் தாண்டி ஓடி, அத்தான் நாளைக்கு வருகிறார் என்று தெக்லாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் இவர் இருட்டோடு எழுந்துவிட்டார். கண் தெரியாமல் தானே சவரம் செய்து தாடையைக் கீறிக்கொண்டார். தம்பிக்குச் சின்ன வயதில் பிடிக்குமாம், புகை போட்ட பன்றித் தொடையில் ஒரு துண்டும் ஒரு புட்டி சிவப்பு ஒயினும் பையில் வைக்கச் சொன்னார். பூசைக்குக்கூடப் போகவில்லை, நேரே ஆற்றங்கரைதான். வழியெல்லாம் பேச்சு, அவன் மீன் பிடித்தது, அவன் இவர் சைக்கிளை ஆற்றில் தள்ளியது என்று. இவருக்கு இத்தனை பேச்சு வரும் என்றே எனக்குத் தெரியாது.

கல்பாலத்தடியில் நின்றார். "கோட்டு வந்திருக்கா?"

அந்தக் கரை முழுக்கத் தேடினேன். "இல்லை."

"நல்லாப் பாருடி."

"நல்லாத்தான் பாத்தேன். யாரும் இல்லை."

என் கையை உதறிவிட்டுக் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு தானே பாலத்தில் ஏறினார்.

கதவைத் திறந்த தெக்லா கறுப்பு உடுத்தியிருந்தாள். கோட்டு ஆணியில் தொங்கியது. "விடியக்காலைல போயிட்டாரு, அத்தான்" என்றாள். இவர் பையை அவளிடம் நீட்டினார்.

"நேத்து நீங்க வர்றீங்கன்னு சொன்னதும், 'அப்போ நாளைக்கு நீ நடக்கப் போக வேண்டாம்'னாரு. ராத்திரியே சவரம் பண்ணிவிடச் சொன்னாரு. 'இந்த மூஞ்சியோட அண்ணன் முன்னால எப்படி இருக்கிறது'ன்னாரு."

கட்டில்மேல் அல்பின் கிடந்தான். தலைமாட்டில் மெழுகுவத்தி எரிந்தது. இவர் தடுமாறிப் போய் விளிம்பில் உட்கார்ந்து, விரலால் தம்பியின் முகத்தைத் தேடினார். கன்னம் வழவழவென்று இருந்திருக்கும். கை அங்கேயே நின்றுவிட்டது. இவர் தாடையில் காலையில் கீறிய இடம் இன்னும் ஈரமாக இருந்தது.

"அல்பின்" என்றார். "எழுந்திருடா. அந்தப் பக்கம் நல்ல வெயில் அடிக்குது. வா, போலாம்."

தெக்லா அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் இவருடைய தொப்பியைக் கழற்றி இவர் மடியில் வைத்தேன். "வாடா" என்று இன்னொரு தடவையும் கூப்பிட்டார்.