நாற்பத்தேழு வீதம்

ஜேர்மனியின் எசன் நகரில் எங்கள் பெண்கள் அமெரிக்கன் புட்போல் அணிக்கு நான்தான் குவாட்டர்பேக். பந்தை முன்னுக்கு எறிவது என் வேலை. நான் எறிந்ததில் நாற்பத்தேழு வீதம்தான் எங்கள் ஆட்களின் கைக்குப் போய்ச் சேர்ந்ததாம். பயிற்சியாளர் பீலிக்ஸின் டேப்லெட் அப்படிச் சொன்னது. மாற்று ஆட்டக்காரி யானாவுக்கு எழுபத்தொன்று. சனிக்கிழமை ஆட்டத்தில் நான் ஐம்பதைத் தாண்டாவிட்டால், தொடரின் கடைசி ஆட்டத்தில் யானாதான் இறங்குவாள்.

என்னைக் கூட்டிப்போக வந்த அப்பாவும் எட்டிப் பார்த்தார்.

“நாற்பத்தேழோ? உது பெயில் எல்லோ, அஜிதா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யானா பக்கத்தில் நிற்பவளுக்குத்தான் எறிவாள். சேராமல் எங்கே போகும்? அணி இரண்டடி நகரும். நான் தூர எறிவேன். சிலவேளை பந்து கையில் விழுந்தும் நழுவும், அந்தப் பழியும் என் தலையில்தான். இதெல்லாம் டேப்லெட்டுக்குத் தெரியுமா?

சனிக்கிழமை, கடைசி எறி. நான்கு புள்ளி பின்னுக்கு நின்றோம். கிட்ட எங்கள் ஆள் ஒருத்தி தனியாக நின்றாள். அவளுக்கு எறிந்தால் என் வீதம் ஐம்பதைத் தாண்டும், ஆட்டம் தோல்வியோடு முடியும். தூரத்தில் எங்கள் மெலானி எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தாள். அங்கே அவள் பிடித்தால் ஆறு புள்ளி, வென்றுவிடுவோம். அவளுக்கே எறிந்தேன்.

பந்து அவளுடைய இரண்டு கைகளிலும் பட்டுத் துள்ளி, எதிரணிக்காரியிடம் போனது. தோற்றோம். எதிரணிக்கு எறிந்தவள் என்ற பெயரும் எனக்கே வந்தது.

“கிட்ட நின்றவளுக்கு ஏன் எறியவில்லை?” பீலிக்ஸ் டொச் மொழியில் கேட்டார்.

“எறிந்திருந்தால் வென்றிருப்போமா?”

“இல்லை. ஆனால் உன் வீதம் கூடியிருக்கும்.” அவர் குரலைத் தணித்தார். “இனிக் கிட்டத்தான் எறிவேன் என்று சொல். கடைசி ஆட்டம் உனக்கே.”

அந்த ஆட்டத்துக்காக வருசம் முழுக்கக் காத்திருந்தவள் நான்.

“சொல்லமாட்டேன். அதற்கு யானா இருக்கிறாள்.”

வாசலில் அப்பா என் பையோடு நின்றார்.

“என்னவாம்?”

“அடுத்த கிழமை யானாதான் விளையாடுறா.”

“அப்ப நாங்கள் போகத் தேவையில்லை.”

“போவம் அப்பா. விளையாட்டு உடுப்புப் போட்டுக்கொண்டுதான் இருப்பன். தோக்கப் போறம் எண்டு கண்டா அவை என்னைத்தான் இறக்குவினம். அப்பவும் தூரத்தான் எறிவன்.”