நோலீனின் மஞ்சள் கோட்டு

எங்கள் பள்ளத்தாக்கில் யாரும் யாருக்கும் உதவி செய்யப் போவதில்லை. இரவல் வாங்கத்தான் போவார்கள்.

ஒரு பண்ணையில் காற்றுக்குக் கொட்டகைக் கூரை பிய்த்துக்கொண்டு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் நாலு பேர் வாசலில் நிற்பார்கள். ஒருவருக்கு ஏணி வேண்டும், ஒருவருக்குச் சுத்தியல் வேண்டும், இன்னொருவர் எதற்கு வந்தேன் என்பதே மறந்துவிட்டது என்று தலையைச் சொறிவார். சாயங்காலத்துக்குள் கூரை பழைய இடத்தில் ஏறியிருக்கும். இரவல் கேட்ட ஏணி சுவரிலேயே சாய்ந்திருக்கும், அதை யாரும் எடுத்துப் போயிருக்க மாட்டார்கள். நியூசிலாந்தின் தென்கோடியில் எங்களுக்கு மழையும் ஆடும் ஏராளம், வாய்ப்பேச்சு மட்டும் கொஞ்சம் குறைவு. அதனால் இப்படி ஒரு பழக்கம் வந்துவிட்டது.

இந்த வித்தையில் மன்னன் எங்கள் கிளாரி மெக்கெல்லர். ஊரில் அவர் இரவல் கேட்டுப் போகாத வீடு கிடையாது. ஆனால் அவர் வீட்டுக்கு யாராவது அப்படி வந்தால், கேட்டதைக் கையில் கொடுத்துக் கதவைச் சாத்திவிடுவார். தன் வித்தையைத் தன்னிடமே காட்டுகிறார்களே என்று அவருக்கு ரோஷம்.

குட்டி ஈனும் பருவம் தொடங்கியிருந்த ஒரு செப்டம்பர் காலையில் அவர் மனைவி நோலீன் ஈரப் பலகையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போதும் அவள் வாய் ஓயவில்லை. கோழிக்குத் தீனி வை, கீழ்ப்பட்டிக் கதவின் கொக்கி சரியில்லை, பெக்கியைப் பார்த்துக்கொள் என்று வண்டிக் கதவு மூடும்வரை சொல்லிக்கொண்டே போனாள்.

பெக்கி அவளுடைய நாய். கறுப்பும் வெள்ளையுமாக, ஒரு காது மட்டும் மடங்கி இருக்கும். நோலீன் வாயில் இரண்டு விரலை வைத்துச் சீழ்க்கை அடித்தால், இரண்டு மேட்டுக்கு அப்பால் நிற்கும் மந்தையைக் கூட மடக்கிக் கொண்டுவந்து பட்டியில் விட்டுவிடும். கிளாரிக்கோ பல்செட்டு. சீழ்க்கை அடித்தால் காற்றுதான் வரும். ஒருமுறை மூச்சைப் பிடித்து ஊதியதில் பல்செட்டே பறந்து புல்லில் விழுந்துவிட்டது. பெக்கி அதைப் பதமாகக் கவ்விக் கொண்டுபோய் நோலீனிடம் கொடுத்தது. அன்றிலிருந்து கிளாரியும் பெக்கியும் ஒருவரை ஒருவர் நேராகப் பார்ப்பதில்லை.

ஆம்புலன்ஸின் பின்னால் பண்ணையின் சாலைக் கதவுவரை ஓடிய பெக்கி, அங்கேயே படுத்துவிட்டது. திரும்பி வரவில்லை. மழை பெய்தாலும் நகரவில்லை. தட்டில் வைத்த கறியைப் பருந்துதான் தின்றது.

ஆஸ்பத்திரி இருந்த ஊர் வெகு தூரம், நாயை உள்ளே விடவும் மாட்டார்கள். செல்போன் எல்லாம் வராத காலம். கிளாரி பெக்கியைத் தூக்கிவந்து, சுவரில் மாட்டியிருந்த போனை அதன் காதில் வைத்து நோலீனைப் பேசச் சொன்னார். குரல் கேட்டதும் பெக்கி போனுக்குப் பின்னால் தேடியது, படுக்கையறையில் தேடியது, கட்டிலுக்கு அடியில் தேடியது. பிறகு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மறுபடி கதவுக்கே போய்விட்டது. முன்பு தண்ணீராவது குடித்துக்கொண்டிருந்தது, இப்போது அதுவும் நின்றது. மாட்டு டாக்டர் பெண் வந்து பார்த்துவிட்டு, உடம்பில் ஒரு நோயும் இல்லை, ஆனால் இப்படியே போனால் இந்த வாரம் தாண்டாது என்று சொல்லிவிட்டாள். அதை நோலீனிடம் எப்படிச் சொல்வது என்று கிளாரிக்குத் தெரியவில்லை. ஆபரேஷனில் இடுப்பு மூட்டு மாற்றிப் படுத்துக்கிடப்பவள் தினமும் முதலில் கேட்பதே பெக்கியைத்தான். இவர் தினமும் நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரும் இளைத்துக்கொண்டு வந்தார், கண்ணுகளா. கொண்டுபோன சாப்பாட்டையெல்லாம் வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். நானும் ஒரு நாள் சூப் கொண்டுபோய்த் திருப்பிக்கொண்டு வந்தவள்தான். ரொட்டியும் டீயுமாக ஓடிக்கொண்டிருந்தது அவர் பிழைப்பு.

பக்கத்தில் ரங்கி என்று ஒருவன் இருந்தான். ஆட்டு ரோமம் கத்தரிக்கிற மாவோரிப் பூர்வகுடிப் பையன், கதவை அடைக்கிற உடம்பு. அவன் ஒரு ஸ்பானர் இரவல் கேட்டுப் போனான். கிளாரி ஸ்பானரைக் கொடுத்து அனுப்பிவிட்டார். மறுநாள் அதைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று போனான். வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். அதற்கு மறுநாள் அளவு தப்பு, வேறு ஸ்பானர் வேண்டும் என்று போய் நின்றான். அன்றைக்கென்று கிளாரிக்கு ஒரு கை தேவைப்பட்டது. நானும் முட்டை இரவல் கேட்டு அங்கேதான் நின்றிருந்தேன். என் வீட்டில் பதினைந்து கோழி இருந்தது வேறு விஷயம்.

ஒரு தாயாட்டின் குட்டி செத்துப் பிறந்திருந்தது. இன்னொரு பக்கம் தாயில்லாத குட்டி ஒன்று பசியில் கத்திக்கொண்டிருந்தது. அதை இதனிடம் விட்டால் முட்டித் தள்ளியது. செத்த குட்டியின் தோலை உரித்து, நாலு கால் ஓட்டையோடு சட்டை மாதிரி உயிருள்ள குட்டிக்கு மாட்டிவிட வேண்டும். இங்கே எல்லோரும் செய்வதுதான். தாய் முகத்தைப் பார்த்துக் குட்டியை ஏற்பதில்லை, பின்னால் போய் வால்பக்கம் மோந்து பார்த்துத்தான் ஏற்கும். கிளாரி தோலை மாட்ட, ரங்கி கேட்காமலே ஆட்டைப் பிடித்துக்கொண்டான். கிளாரியும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார். தாயாடு சுற்றிவந்து மோந்தது. ஒரு தும்மல் போட்டது. பிறகு அசையாமல் நின்றது. குட்டி முட்டிப் பால் குடித்தது, வால் ஆடிய ஆட்டம் சொல்லி முடியாது.

ரங்கி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"பெருசு, இதே மாதிரி ஆன்ட்டியோட மழைக்கோட்ட மாட்டிக்கிட்டு பெக்கி முன்னாடி போய் நில்லுங்களேன். மோந்து பாத்துட்டு பால் குடிச்சாலும் குடிக்கும்."

"உன் ஸ்பானர எடுத்துக்கிட்டு நடையக் கட்டு" என்றார் கிளாரி.

நான் முட்டையோடு வீட்டுக்கு வந்தேன். அந்தத் தோல் விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. என் அலமாரியில் நோலீனின் நீலக்கரைப் பாத்திரம் ஒன்று இருந்தது. சர்ச் விருந்தில் மாறி வந்தது, கொடுக்க வேண்டும் கொடுக்க வேண்டும் என்று அப்படியே கிடந்தது. அதில் கொத்துக்கறியை நிரப்பி, மசித்த உருளைக்கிழங்கை மேலே போர்த்தி, நோலீன் செய்வது போலவே முள்கரண்டியால் கோடு கிழித்து அடுப்பில் சுட்டு எடுத்தேன். கிளாரி விடிந்ததும் ஆடுகளைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். அந்த நேரம் பார்த்துச் சமையலறையில் வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று திட்டம்.

விடிகாலையில் பாத்திரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு போனேன். சாலைக் கதவருகே மஞ்சளாக ஏதோ தெரிந்தது. மரவேலிக்குப் பின்னால் நின்றுவிட்டேன்.

நோலீனின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு கிளாரி நின்றார். கோட்டின் கை அவர் முழங்கையோடு நின்றுவிட்டது. பொத்தான் ஒன்றுகூட அதன் துளையை எட்டவில்லை. தலையில் அவளுடைய பூப்போட்ட தொப்பி வேறு. சாலையில் யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

பெக்கி தலையைத் தூக்கியது. தள்ளாடி எழுந்தது. கோட்டின் ஓரத்தை மோந்தது, கையை மோந்தது. அந்தத் தாயாட்டைப் போலவே சுற்றிப் பின்பக்கம் போயும் மோந்தது. பிறகு முன்னால் வந்து அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தது.

ஆட்டை ஏமாற்றலாம். பெக்கியை ஏமாற்ற முடியுமா? போய்ப் பழைய இடத்திலேயே படுத்துக்கொண்டது.

கிளாரிக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கோட்டுப் பையில் விட்டார். ஒரு துண்டுக் கயிறு வந்தது. அப்புறம் நமத்துப்போன இஞ்சி பிஸ்கட் ஒன்று வந்தது. நோலீன் எப்போதும் பையில் பிஸ்கட் வைத்திருப்பாள். தான் பாதி கடித்துக்கொண்டு மீதியைப் பெக்கிக்குக் கொடுப்பாள், அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கிளாரி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கோட்டு லேசாக அசைந்தாலும் சரசரவென்று சத்தம் போடும். இப்போது அது ஓயாமல் சரசரத்தது. மனிதர் குலுங்கிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

பெக்கி எழுந்தது. இந்த முறை கோட்டை மோந்து பார்க்கவில்லை. நேராக வந்து அவர் முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டது.

"எனக்கும்தான் அவ இல்லாம ஒண்ணும் ஓடல, கழுதை" என்றார் கிளாரி.

பிஸ்கட்டைப் பாதி கடித்தார். நமத்திருந்தாலும் பல்செட்டுக்கு நேரம் பிடித்தது. பெக்கி பொறுமையாகக் காத்திருந்தது. மீதிப் பாதியை நீட்டினார். அது வாங்கிக்கொண்டது.

நான் சத்தமில்லாமல் பின்வாசல் வழியே போய்ப் பாத்திரத்தை அடுப்பின் மேல் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

அன்று முதல் பெக்கி அவரோடு சேர்ந்து சாப்பிட்டது. அவர் ஒரு வாய், அது ஒரு வாய். அவர் சாப்பிடாமல் கொடுத்தால் தொடாது, அதனால் அவரும் சாப்பிட வேண்டியதாகிவிட்டது. சீழ்க்கைக்குப் பதில் மஞ்சள் கையை வீசினார். அந்த நிறம் மலைமேலிருந்தும் தெரியும், பெக்கி இரண்டு நாளில் பிடித்துக்கொண்டது. குட்டி ஈனும் பருவம் முடியும்வரை கிளாரி அந்தக் கோட்டோடுதான் திரிந்தார். சாலையில் போகும் லாரிகள் எல்லாம் அவர் பண்ணை அருகே வேகத்தைக் குறைத்தன. ரங்கி ஒவ்வொரு நாளும் ஒரு ஸ்பானருக்காக வந்து இருட்டும்வரை வேலை செய்துவிட்டுப் போனான். கலர் உங்களுக்கு எடுப்பா இருக்கு பெருசு என்று சொல்ல மட்டும் அவன் ஒருநாளும் மறக்கவில்லை.

நோலீன் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வந்தபோது, பெக்கி அவளைக் கீழே தள்ளிவிடாமல் கிளாரியும் ரங்கியும் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள். பெக்கி நக்கி முடித்த பிறகுதான் அவள் ஆணியில் தொங்கிய கோட்டைப் பார்த்தாள். முதுகுத் தையல் பிரிந்து வாயைப் பிளந்திருந்தது.

"ஏன்யா, பசுமாட்டுக்கா மாட்டிவிட்ட இத?" என்றாள்.

கிளாரி கோழிக்குத் தீனி வைக்கப் போய்விட்டார். ரங்கி சொன்னான், ஒன்று விடாமல்.

அதற்கடுத்த வாரம் கிளாரி என் வீட்டுக்கு வந்தார். பெக்கி வண்டியிலிருந்து குதித்தது. அவர் கையில் நீலக்கரைப் பாத்திரம், பளபளவென்று கழுவியிருந்தது.

"நோலீன் உருளைக்கிழங்குல மிளகு போட மாட்டா, ஐவி."

"அப்ப முதல் வாயிலயே தெரிஞ்சுபோச்சா?"

"தெரிஞ்சுது."

"பின்ன ஏன் திருப்பி அனுப்பல?"

கிளாரி தொப்பியைக் கழற்றிக் கையில் சுழற்றினார். "அவ்வளவு மெனக்கெட்டுத் தோலு மாட்டிவிட்டிருக்க. முட்டித் தள்ள மனசு வரல."

சொல்லிவிட்டு என் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார். கூரையோரம் மழைநீர் வடிகிற தகரம் போன குளிர்காலத்திலிருந்தே ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

"உங்கிட்ட ஏணி இருந்தா இரவல் வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

அவர் ஏணி அவர் வண்டியிலேயே கட்டியிருந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டு, உள்ளே போய் டீக்குத் தண்ணீர் வைத்தேன்.