நடுவில் நின்ற முள்

மார்த்தாண்டம் சந்திப்பின் நெரிசலில் பள்ளி வேன் நகராமல் நின்றபோது, தொடைக்கு அடியிலிருந்து ஏறிய சூட்டை, அதை ஓட்டிக்கொண்டிருந்த ஜெஸ்மி வெயில் என்றே நினைத்தாள். அந்தச் சின்ன வேனில் எஞ்சின் முன்சீட்டுக்குக் கீழேதான் இருந்தது. சந்தேகத்துக்கு, எஞ்சின் சூட்டைக் காட்டும் வெப்பமானியைப் பார்த்தாள். முள் எப்போதும்போல நடுவில் நின்றது. பின்னால் பிள்ளைகள் ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நெரிசல் விலகி வண்டி கொஞ்ச தூரம் போனதும் காலடியில் ஏதோ தட்டியது. பிறகு இரும்பு இரும்பைக் கவ்வியதுபோல ஒரு முறிவு. சீட்டின் ஓரங்களிலிருந்து வெள்ளையாகப் புகை சீறியது. கதவை இழுத்துத் திறந்து, பிள்ளைகளைக் கையில் அகப்பட்டபடி தூக்கி இறக்கி, ஒரு துணிக்கடை வாசலில் நிறுத்தித் திரும்பத் திரும்ப எண்ணினாள். எல்லோரும் இருந்தார்கள். ஆனாலும் எண்ணுவதை அவளால் நிறுத்த முடியவில்லை.

செய்தி கேட்டு வந்த அவள் கணவன் டிஜோ, கடைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, "முள்ளு மேல போனது தெரியாம எப்பிடி ஓட்டின? உனக்க கண்ணு எங்க போச்சு?" என்று கேட்டான்.

நடுவில்தான் நின்றது என்று சொன்னாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். அதற்கடுத்த நாட்களில் சில தாய்மார்கள் பிள்ளைகளை வேறு வண்டிக்கு மாற்றினார்கள். யாரும் திட்டவில்லை, அதுதான் வலித்தது. சமைக்கும்போதும் துணி துவைக்கும்போதும் அந்த முள்ளை மனதுக்குள் பார்த்துக்கொண்டே இருந்தாள். உண்மையில் பார்த்தோமா, பார்த்ததாக நினைத்துக்கொண்டோமா என்று அவளுக்கே குழம்பத் தொடங்கியது.

வேனை விட்டிருந்த பட்டறையிலிருந்து மெக்கானிக் எபின் கூப்பிட்டபோது இருவரும் போனார்கள். எஞ்சினின் மேல்பாகத்தைக் கழற்றி மேசையில் வைத்திருந்தான். சூட்டில் வளைந்திருந்தது. பிஸ்டன்கள் இறுகிவிட்டன, இனி இந்த எஞ்சின் ஆகாது என்றான். இவள் கவனிக்கவில்லை என்று டிஜோ மறுபடி ஆரம்பித்தான். எபின் வேனுக்குள் எட்டிச் சாவியைத் திருப்பினான்.

எஞ்சின் பிரிந்து, ஆறிக் கிடந்தது. ஆனால் முள் எழுந்து வந்து நடுவில் நின்றது.

ஜெஸ்மி குனிந்து அந்த முள்ளையே பார்த்தாள்.

"சென்சருக்க வயர கழற்றி வேற எதையோ வச்சி ஒட்டியிருக்கு அக்கா," என்றான் எபின். "எவ்வளவு கொதிச்சாலும் முள்ளு இங்க தான் நிக்கும். சூடு தெரியாததுனால ஃபேனும் சுத்தல்ல. ஓடும்போ காத்து பட்டு தாங்கியிருக்கு. நின்னதும் போச்சு."

டிஜோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். எஞ்சின் போவதற்கு முந்தின வாரம், வண்டி ஆறியிருக்கும்போதே முள் தாறுமாறாகக் குதித்ததாம். சென்சர் கெட்டுப்போயிருக்கிறது, புதிது வரும்வரை இப்படி ஓட்டலாம் என்று வழியில் ஒரு மெக்கானிக் செய்துகொடுத்தானாம்.

"சென்சர் தானேன்னு விட்டேன். இப்பிடி ஆவும்னு தெரியாது."

"அண்ணைக்கி ரோட்டுல வச்சி என்னட்ட கேக்கும்போ," என்றாள் ஜெஸ்மி, "முள்ளு அசையாதுன்னு உங்களுக்குத் தெரியும். இல்லியா?"

எபின் துணியை எடுத்துக் கையைத் துடைத்தபடி வெளியே போனான்.

பிள்ளைகள் விட்டுப்போன பொருட்களை எடுக்க அவள் வேனுக்குள் ஏறினாள். முன்சீட்டுக்குப் பின்னால், பிள்ளைகள் கால் வைக்கும் தரையில் ஓர் இளஞ்சிவப்புத் தண்ணீர் பாட்டில் நின்றிருந்தது. எடுக்கப் போனாள். வரவில்லை. அடிப்பாகம் உருகி, தகரத்தோடு ஒட்டிப்போயிருந்தது. உள்ளே பாதித் தண்ணீர் இன்னும் இருந்தது.