பதினெட்டாம் எண் கிண்ணம்

வலது கண் ஒன்றின் விலை நாலாயிரத்து இருநூறு மலேசிய வெள்ளி. கோலசிலாங்கூர் சந்தையில் வெங்காயமும் கருவாடும் விற்ற குடும்பத்தில் பிறந்தவன் நான். முதலில் சொன்ன விலைக்கே சரக்கைக் கொடுத்துவிட்டுப் போகிறவரைப் பார்த்தால் எங்கள் கடையில் எல்லாருக்கும் பாவமாக இருக்கும். கங்கா அக்கா அப்படித்தான் கொடுத்திருந்தார். அந்த விலையைச் சொன்னதுகூட அவரில்லை, வாங்கியவர்கள். கூடவே ஒரு தாளில் கையெழுத்தும் போட்டிருந்தார்.

அந்தத் தாளைப் பற்றி எனக்குத் தெரியவந்தது, தாவரவியல் செய்முறைத் தேர்வு முடிந்த மறுநாள்.

ரவாங்கில் ஒரு தனியார் கல்லூரியில் நான் ஆய்வகப் பணியாளன். போத்தல் கழுவுவது, நுண்நோக்கி துடைப்பது, தேர்வன்று மாதிரிகளை அடுக்கி வைப்பது, கடைசியில் மதிப்பெண்களைக் கூட்டிச் சரிபார்ப்பது என் வேலை. கங்கா அக்கா அங்கே முதலாமாண்டு மாணவி. வயது முப்பத்தெட்டு. புக்கிட் பெலிம்பிங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் பதினோரு வருடம் களைக்கு மருந்தடித்தவர். கணவர் நல்லசாமி இன்னும் அங்கேதான் குலை வெட்டுகிறார். குடியிருப்பதும் தோட்டத்து வீடு. செய்முறையில் நாற்பதுக்கு இருபது எடுத்தால்தான் உதவித்தொகை தொடரும். அது நின்றால் படிப்பும் நிற்கும். இதை அவர் யாரிடமும் புலம்பியதில்லை. அதைச் சொல்லி வந்த எச்சரிக்கைக் கடிதத்தை நோட்டுப் புத்தகத்துக்கு அட்டையாகப் போட்டிருந்தார், அவ்வளவுதான்.

எங்கள் ஆய்வகத்து மாதிரிகள் பழையவை. வருடக்கணக்கில் மருந்துத் தண்ணீரில் ஊறி, பச்சையெல்லாம் போய், வடிகட்டிய தேயிலைத் தூளின் நிறத்தில் கிடப்பவை. கைப்பேசியில் பச்சைப் பசேலென்று படம் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் போத்தலின் முன்னால் திகைத்து நிற்பார்கள். கங்கா அக்கா திகைக்கவில்லை.

“இது பெரணி. இது புல்லு. இது மாஸு, செவுத்துல மெத்த மாதிரி படருமே, அது.”

“எப்டிக்கா?” என்றான் அவர் பக்கத்தில் உட்காரும் லோகேஸ்வரன். பத்தொன்பது வயது. “எல்லாம் ஒரே கலர்லா.”

“செத்தா எல்லாம் ஒரே கலருதான் தம்பி. சாவுற விதம்தான் வேற. நான் இதுங்கள உசுரோட பாத்தத விட, மருந்தடிச்ச மூணாம் நாளு பாத்ததுதான் அதிகம்.”

“கொலகாரங்க பக்கத்துலயா இத்தன நாளு உக்காந்திருந்தேன்?”

“சம்பளத்துக்குச் செஞ்சேன்யா. கேஸ் போட முடியாது.”

அவர் செடிகளைப் பிரித்து வைத்திருந்தது, எந்த மருந்துக்கு எது சாகும் என்ற கணக்கில். மேலே பட்ட இடத்தைக் கருக்கும் மருந்து ஒன்று, உள்ளே ஏறி வேர் வரை போகும் மருந்து ஒன்று. எது எதற்கு மசியும், எது மசியாது, எது பதினைந்து நாள் கழித்துத் திரும்பி வரும் என்று பதினோரு வருடம் முதுகில் பம்பைச் சுமந்து தெரிந்துகொண்டவர்.

தேர்வில் இருபது மாதிரிகள். என்ன வகை என்பதற்கு ஒரு மதிப்பெண், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்ற காரணத்துக்கு ஒன்று. மணி அடிக்க அடிக்க ஒவ்வொரு மேசையாக நகர வேண்டும். சன்னலோர மேசையில் பதினேழாம் எண் நுண்நோக்கிக்கு அடியில் இருந்த இழைப்பாசி. பதினெட்டாம் எண் அதே மேசையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். இடப்பக்கம் தண்ணீர்க் குழாய் தெறிக்கும் என்று கிண்ணத்தை வலப்பக்கம் தள்ளி வைத்தேன். வைத்தது நான்தான்.

மறுநாள் கூட்டிப் பார்த்தபோது கங்கா அக்காவுக்கு வகையில் பதினாறு, காரணத்தில் மூன்று. பத்தொன்பது. தாளை எடுத்துக்கொண்டு விரிவுரையாளர் டாக்டர் முரியலிடம் போனேன்.

“மேடம், ஒன்னே ஒன்னுதான் கொறையுது.”

“செல்வா, இது உங்கப்பா கட இல்ல.”

“அங்கயா இருந்தா ரெண்டு கேட்டிருப்பேன் மேடம்.”

அவர் சிரிக்கவில்லை. தாளைத் திருப்பிக் காட்டினார். “பெரணிக்குக் காரணம் பாரு. ‘மேல் மருந்துக்கு இலை கருகும், மண்ணுக்குள்ளிருந்து திரும்ப வரும்.’ எலைக்கு அடியில வித்துத்தூள் இருக்கும்னு ஒரு வார்த்த இல்ல. நான் எப்படிக் குடுக்கறது? மாஸுக்குக் குடுத்திருக்கேன். ‘உள்ளே குழாய் இல்லை, அதனால் ஏறும் மருந்து ஏறாது.’ குழாய் இல்லங்கறது சரி. அதுக்கு மேல எனக்கு வழியில்ல.”

அப்போதுதான் கவனித்தேன். பதினெட்டுக்கு நேரே ஒன்றுமே எழுதவில்லை. தெரியாததற்கும் எதையாவது எழுதி வைக்கிறவர் அவர்.

கேண்டீனில் பிடித்துக் கேட்டேன்.

“பதினெட்டா? அது இல்லவே இல்லையே. பதினேழு முடிஞ்சு மணி அடிச்சுது, அடுத்த மேசையில பத்தொன்பதுதான் இருந்துச்சு. நீங்க வைக்க மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். சொன்னா உங்களுக்குத் திட்டு விழும்னு பேசாம விட்டுட்டேன்.”

ஆய்வகத்துக்குக் கூட்டிப் போனேன். மேசை கலையாமல் இருந்தது. நுண்நோக்கியில் இடது கண்ணை வைத்து நின்றார். மற்றவர்கள் ஒரு கண்ணைக் குழலில் வைத்தாலும் இன்னொரு கண் மேசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவர் தலையை நிமிர்த்தி, முகம் முழுவதையும் வலப்பக்கம் திருப்பிய பிறகுதான் கிண்ணத்தைப் பார்த்தார். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இந்தப் பக்கம் தெரியாது செல்வா,” என்றார்.

பிறகு சொன்னார். ஏழு வருடம் முன்னால் பம்பின் குழாய் வெடித்து மருந்து கண்ணில் அடித்தது. கழுவத் தண்ணீர் கிடைக்க இருபது நிமிடம் ஆனது. மருத்துவமனையிலிருந்து வந்ததும் தோட்டத்து அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது: வீட்டில் சமைக்கும்போது எண்ணெய் தெறித்தது, வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வேறு விதமாக எங்கும் சொல்ல மாட்டேன். கையெழுத்து. உறையில் நாலாயிரத்து இருநூறு.

விடுபட்ட மாதிரிக்கு மறுவாய்ப்புக் கேட்க ஒரு மனு உண்டு. அதில் காரணம் எழுத வேண்டும்.

“ஒடம்பு சரியில்லன்னு எழுதுங்கக்கா. கிளினிக் சீட்டு முப்பது வெள்ளிக்குக் கெடைக்கும். நான் ஏற்பாடு பண்றேன்.”

அவர் மனுவை மடித்தார், பிரித்தார். “ஒரு பொய்க்கு நாலாயிரத்து எரநூறு குடுத்தாங்க. இப்ப ரெண்டு மார்க்குக்கு இன்னொன்னா? ரொம்ப மலிவாப் போயிட்டேன் போல.”

“உண்மைய எழுதினா வீடு?”

கைப்பேசியை எடுத்துக் கணவரை அழைத்தார். “என்னங்க, குலையில இருக்கீங்களா? ஒன்னுமில்ல. கண்ணு விசயத்த எழுதிக் குடுக்கப் போறேன், காலேஜுல. … ஆமா, அதான். … வீட்டக் காலி பண்ணச் சொன்னா என்ன செய்யலாம்? … ம். … ம். … சரி, அப்ப எழுதிடறேன். தண்ணி குடிச்சிட்டு வேலையப் பாருங்க.”

பேனா கேட்டார். என் சட்டைப்பையில் இருந்ததைக் கொடுத்தேன். மலாயில், நிதானமாக, தேதி, மருந்தடித்த காட்டின் எண், பம்பு, குழாய் எல்லாம் எழுதினார். கடைசி வரி இது: எண்ணெய் என்று எழுதியது நான் அல்ல, கையெழுத்து மட்டும் என்னுடையது.

முரியல் மேடம் அதை இரண்டு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“கங்கா, இது கோப்புல இருக்கும். நாளைக்கு யாராவது வந்து கேட்டா நான் எடுத்துக் காட்டித்தான் ஆகணும்.”

“காட்டுங்க மேடம்.”

மேடமே போய்க் கிண்ணத்தை எடுத்து வந்து அவருக்கு நேர் முன்னால் வைத்தார். விதிப்படி ஒரு நிமிடம். மணியை நான் அடித்தேன். கிண்ணத்தில் கரும்பழுப்பாக, சுருங்கிய கூழ் போல ஒன்று. வகை என்ற இடத்தில் ‘நீலப்பச்சைப் பாசி’ என்று உடனே எழுதினார். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. பிறகு ஓடியது. மறு மணி அடித்தேன்.

மேடம் வாய்விட்டுப் படித்தார். “‘தோட்டத்து ரோட்டில் கிடக்கும். வெயிலில் காய்ந்த தோலாகிவிடும், மழை பெய்தால் எழுந்துகொள்ளும். எந்த மருந்துக்கும் இது செத்து நான் பார்த்ததில்லை.’”

மேடம் தாளை மேசையில் வைத்தார்.

“பாடத்துல இருக்கற காரணம் இது இல்ல கங்கா.”

“தெரியும் மேடம். அந்த உட்கரு இல்லங்கற சமாச்சாரம் ஞாபகம் வரல. தெரிஞ்சத எழுதினேன்.”

ஒரு மதிப்பெண்ணுக்குப் பேச என் வாய் திறந்தது. கங்கா அக்கா முகத்தை முழுவதுமாக என் பக்கம் திருப்பிப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

மேடம் சிவப்புப் பேனாவில் எழுதினார். பதினெட்டு: வகைக்கு ஒன்று, காரணத்துக்குச் சுழி. தாளை என்னிடம் தள்ளினார், கூட்டச் சொல்லி.

வகை, பதினாறும் ஒன்றும் பதினேழு. காரணம் மூன்று. மொத்தம் இருபது. வேண்டியது இருபது. மீதி இல்லை.