நான்காவது ஷரத்து

அம்மாவும் அப்பாவும் மூன்று நாளாகப் பேசிக்கொள்ளவில்லை. மின்விசிறியை எந்த வேகத்தில் வைப்பது என்பதில் சண்டை. பி.ஏ.வையும் எம்.ஏ.வையும் சேர்த்து ஐந்து வருஷம் சர்வதேச உறவுகள் படிக்கிற நான் கையைக் கட்டிக்கொண்டு இருப்பேனா? சமாதான ஒப்பந்தம் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். முதல் மூன்று ஷரத்துகளும் விசிறியைப் பற்றி. நான்காவது, "மறுபடி தகராறு வந்தால் மகள் சொல்வதே முடிவு."

அப்பா படித்துவிட்டு அம்மாவிடம் திரும்பினார். "இவ யாரு நமக்கு முடிவு சொல்ல?"

"அதானே! இன்னும் படிச்சே முடிக்கல, அதுக்குள்ள இவ்வளவு வாய்!"

இருவரும் சேர்ந்து என்னை வறுத்தெடுத்து, பாத்திரம் கழுவ அனுப்பினார்கள். கூடத்தில் அவர்கள் சிரிப்பது கேட்டது.

நான் முதலில் எழுதியதே அந்த நான்காவது ஷரத்தைத்தான்.